கேட்டால்தான் கையெழுத்து

"கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க தலைகீழா நின்னாலும் சரி!"

பாடகி சம்மதப் பத்திரத்தைத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒலிப்பதிவு மெஷின்காரருக்கு வியர்த்தது. மெழுகுத் தட்டில் பாட்டைப் பதிந்த காலம் அது. அன்று மட்டும் ஐந்து தட்டு பாழ். ஒன்றில் இருமல், ஒன்றில் தும்மல். மற்ற மூன்றில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டு, ஆர்மோனியம் வாசித்த தங்கையைத் திட்டியது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது. ஆறாவதுதான் தேறியது. அது மாலைக் கப்பலில் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் மெஷின்காரருக்கு வேலை போய்விடும்.

"அம்மா, மெழுகு மேல ஊசி ஒரு தடவை ஓடினா கோடெல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் அதை அச்சா வெச்சு, விக்கிற பிளேட்டு அடிக்க முடியாது."

"அழிஞ்சா இன்னொரு தடவை பாடறேன்."

"தட்டு தீர்ந்துபோச்சும்மா."

"அது உங்க பாடு. என் குரல் எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாம ஊர் உலகத்துக்கு அனுப்பணுமா?"

"அக்கா, பாவம் அவரு..." என்று இழுத்தாள் தங்கை.

"நீ வாயை மூடு! பாட்டைப் பத்தி உனக்கென்னடி தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

மெஷின்காரர் பெருமூச்சு விட்டபடி திரைக்குப் பின்னால் போனார். ஒரு தட்டை எடுத்துவந்து சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

பாடும்போது எதிரே வைத்திருந்த பெரிய குழாயிலிருந்தே பாட்டு வந்தது. தன் குரலைத் தானே கேட்டவர்கள் அன்றைக்கு ஊரில் எத்தனை பேர்? பாடகிக்குக் கண்ணீர் வழிந்தது.

"அடேயப்பா! நானா இப்படிப் பாடியிருக்கேன்? தேன், சுத்தத் தேன்!"

தங்கையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படிப் பாட எனக்கு ஏழு ஜென்மம் ஆகும்க்கா."

"எட்டு எடுத்தாலும் வராதுடி" என்று சொல்லிவிட்டு, பாடகி கையெழுத்துப் போட்டார். தலை நிமிர்ந்து வண்டிக்குப் போனார்.

தங்கை ஆர்மோனியத்தை மூடியபடி தயங்கினாள். "ஐயா, தேறின ஒரு தட்டும் போச்சே. உங்க வேலை என்ன ஆகும்?"

"அக்கா பாடினது பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும்மா" என்றார் மெஷின்காரர். "இப்ப ஓடி அழிஞ்சது, குழாயை எவ்வளவு தள்ளி வைக்கணும்னு பார்க்க, காலையில அக்கா வர்றதுக்கு முன்னாடி உன்னை இதே பாட்டைப் பாடச் சொன்னேனே, அது!"