கட்டணம் குறைவு

"இவ்வளவு கம்மி ஃபீஸா? எங்கயோ இடிக்குதே மேடம்" என்றாள் தையல்காரி.

மகள் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். துறைத் தலைவி சிரித்துக்கொண்டார்.

"எல்லாரும் கேக்கறதுதான். தாராளமா விசாரிங்க."

நஞ்சியல் பட்டப்படிப்புக்காக அம்மாவும் மகளும் ஏறி இறங்கும் மூன்றாவது கல்லூரி இது. முதலாவதில் விடுதி இல்லை. இரண்டாவது கண்ணாடி மாளிகை. அங்கே கட்டணத்தைக் கேட்டதும் தையல்காரி நாற்காலியில் முழுதாக உட்காராமலேயே எழுந்து வந்துவிட்டாள். ஒரு நூல்கண்டுக்கே கடைக்காரரை அழவைக்கிறவள் அவள்.

"வாத்தியாருங்க பாதியில ஓடிடறாங்களா?"

"எனக்குத் தலை நரைச்சதே இங்கதான்மா."

"படிச்சா வேலை கிடைக்குமா?"

"மருந்துக் கம்பெனி, பூச்சிமருந்துக் கம்பெனி, ஆஸ்பத்திரி... போன வருஷம் முடிச்சவங்க யாரும் வீட்ல சும்மா இல்ல."

"அம்மா, போதும்" என்றாள் மகள்.

"நீ இரு பாப்பா. எலிப்பொறியில வெக்கிற தீனி மட்டும்தான் சல்லிசா கிடைக்கும்."

துறைத் தலைவி எழுந்து இருவரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். வெள்ளை அங்கி மாணவர்கள் சின்னச் சின்னக் குப்பிகளோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

"இதான் காரணம். சந்தேகமான சாவுன்னா போலீஸ் இங்கதான் அனுப்புவாங்க. அதுல வர்ற வருமானத்தாலதான் ஃபீஸைக் குறைக்க முடியுது. பிள்ளைங்களும் பொம்மைக் கேஸ் இல்லாம, நிஜக் கேஸ்ல பழகறாங்க."

மகள் கண்கொட்டாமல் பார்த்தாள். "பழைய கேஸும் வருமா மேடம்?"

"வருமே. மாரடைப்புன்னு நினைச்சுப் புதைச்சவர் ஒருத்தர். பல வருஷம் கழிச்சுத் தோண்டி எடுத்தாங்க. எலும்பும் முடியும் உண்மையைச் சொல்லிடுச்சு."

அதன்பிறகு தையல்காரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருவழியாக அம்மாவின் சந்தேகம் தீர்ந்தது என்று மகளுக்கு நிம்மதி.

வெளியே வந்ததும் தையல்காரி சொன்னாள்: "இது வேணாம். அந்தக் கண்ணாடிக் காலேஜ்லயே சேந்துக்கோ."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஃபீஸ் மறந்துபோச்சா? அங்க ஒழுங்கா ஒரு லேப்கூட இல்ல. எல்லாம் ஏட்டுப் படிப்பு."

"பரவாயில்ல. வீட்டை அடமானம் வெக்கிறேன்."

"உனக்கு என்னம்மா ஆச்சு?" மகளின் குரல் இறங்கியது. "நான் இந்தப் படிப்பை எடுத்ததே அப்பாவுக்காகத்தான். நல்லா இருந்த மனுஷன் ஒரே ராத்திரியில நெஞ்சுவலின்னு போயிட்டாருங்கறதை என்னால நம்பவே முடியல. அவரையும் புதைச்சுத்தானே வெச்சிருக்கோம். இங்க படிச்சா, என்னிக்காவது ஒருநாள் எதனாலன்னு நானே கண்டுபிடிச்சுடுவேன்."

தையல்காரி மகளைச் சாலையோர மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"உனக்கு அவர் நல்ல அப்பாதான். ராத்திரி கதவைச் சாத்தினப்புறம் எனக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது."

மகளின் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எதைக் கலந்தேன்னு நானே சொல்லிடறேன் பாப்பா. அதுக்குப் போய் மூணு வருஷம் ஃபீஸ் கட்டணுமா?"