பெட்டிக்குள் இருபத்தொன்று

அன்புள்ள மச்சான் கார்த்திகேசனுக்கு,

நலம். உன் அக்கா இலக்கியாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிவிட்டது. நீ மீன் தொட்டி செய்பவன் என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் என் வேலை உனக்குத் தெரியும். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படும் குழந்தைகளுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்து தேடுகிறார்கள். அதற்காக எலிக்குட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உள்ளே ஆக்சிஜனை எட்டு சதவீதமாகக் குறைப்பேன். வெளிக்காற்றில் இருபத்தொன்று இருக்கும்.

திங்கட்கிழமை குட்டிகள் சோரவே இல்லை. ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை உள்ளே வைத்தேன், இருபத்தொன்று. வெளியே எடுத்தேன், எட்டு.

"மீட்டர் போயிடுச்சுப்பா, வேற எடு" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் அறிவுமதி சார். வேறு மீட்டரும் அதையே காட்டியது. சாருடைய நகங்கள் நீலமாக இருந்தன. அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மீட்டரோடு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கத்தில் எட்டு. கடலூர் பஸ் ஸ்டாண்டில் எட்டு. வீட்டில் இலக்கியாவின் வயிற்றருகே பிடித்தேன். எட்டு.

"புள்ள காலையிலேர்ந்து சரியா அசையல மாமா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "துடிப்பு இருக்குது, கொஞ்சம் மெதுவா இருக்குது. நாளைக்கு வாங்க" என்றார் நர்ஸ். அங்கேயும் எட்டு.

வீடு திரும்பியதும், நீ கொடுத்த மீன் தொட்டியைக் காலி செய்து மீட்டர்மேல் கவிழ்த்தேன். இருபத்தொன்று.

ஆகவே பெரிய தொட்டி ஒன்று உடனே வேண்டும். இலக்கியா தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அளவு கொடுத்துவிட்டாள். மூடி காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும்.

"உள்ளேர்ந்து தொறக்கற மாதிரி செய்யச் சொல்லுங்க" என்கிறாள். அது மட்டும் வேண்டாம் மச்சான். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வை.