மடியில் ஒரு பை

ஊரில் பஸ்கள் நின்றுபோய், ஆளுக்கொரு தானே ஓடும் வண்டி வந்த பிறகு பூங்காவனத்துக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. காலையில் கதவு மூடினால் கம்பெனி வாசலில்தான் திறக்கும். வீட்டிலும் அவள் ஒருத்திதான்; ஒரு நாள் முழுக்க ஒரு தோள்கூட அவள்மேல் இடிக்காது.

அன்று கிண்டி சிக்னலில் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு வண்டி நின்றது. உள்ளே ஒரு சின்னப் பெண் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள். பூங்காவனத்துக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடியை இறக்கிச் சாப்பாட்டுப் பையை நீட்டினாள்.

"இத்த கொஞ்சம் வெச்சிக்கிறியாம்மா?"

கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே, உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் அவள் தினமும் கேட்ட கேள்வி. பஸ்ஸையே பார்த்திராத வயது அந்தப் பெண்ணுக்கு. ஒரு கணம் விழித்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, பையை வாங்கி, குழம்பு சிந்தாமல் இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள்.

பச்சை விழுந்தது. அந்தப் பெண்ணின் வண்டி பையோடு இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

"உங்கள் பொருள் ஒன்று தொலைந்துவிட்டது. புகார் கொடுக்கவா?" என்றது பூங்காவனத்தின் வண்டி.

"தொலையலப்பா," என்றாள் அவள். "ஒரு பொண்ணு மடில வெச்சினுகீது."