கணவரின் விலாசம்

டெக்சாஸில் வாங்கிய ஆசிரியர் உரிமத்தை மொன்டானாவுக்கு மாற்றக் கேட்டு ஜோலீன் நீட்டிய படிவத்தை, எழுத்தர் வெர்னா வேண்டாவெறுப்பாகப் புரட்டினாள்.

"உயர்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சரா? வீட்டுக்காரர் பட்டாளத்துலயா?"

"ஆமாங்க. எனக்கு இது நாலாவது மாநிலம்."

"பட்டாளத்துக்காரர் மனைவின்னா சீக்கிரம் குடுக்கணும்னு சட்டம். குடுத்துடுவோம். நீங்க ரெண்டே வருஷத்துல மூட்டையைக் கட்டிடுவீங்க. போன டீச்சர் பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கறப்போ போயிட்டாங்க. என் பொண்ணு கணக்குல கோட்டை விட்டா."

"நான் போக மாட்டேங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அவருக்கு மாற்றல் வந்தா?"

"வராதுங்க. இது அவரோட சொந்த ஊரு. மார்ச்லயே வந்துட்டாரு. என் வகுப்புப் பிள்ளைங்களைப் பாதியில விட வேண்டாம்னு நான்தான் பள்ளி வருஷக் கடைசி வரைக்கும் அங்க இருந்தேன்."

"பார்க்கலாம்," என்று பேனாவை எடுத்தாள் வெர்னா. "அவரோட இப்போதைய விலாசம் சொல்லுங்க."

ஜோலீன் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"படைவீரர் கல்லறைத் தோட்டம், ஏழாவது வரிசை, பதினெட்டாம் நம்பர்."

வெர்னாவின் பேனா பாதியில் நின்றது.

"எழுதிக்கங்க. அதுலயே எனக்கும் இடம் இருக்காம்."