கணிதத் துறையின் கைப்பட்டை

கணிதத் துறையில் நீடிக்க, வீட்டில் தினமும் மூன்று மணி நேரம் படித்ததாகக் கல்லூரி கொடுத்த, நாடி பார்த்துப் படிப்பை அளக்கும் கைப்பட்டை சொல்ல வேண்டும். மாரிச்செல்விக்கோ மாலையில் துணிக்கடை வேலை. அங்கே பட்டைக்கு அனுமதியில்லை. அதனால் எழுத்தறியாத அம்மாவின் கையில் அதைக் கட்டி, முன்னால் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுப் போவாள். புடவை மடித்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போடுவாள். தேர்வில் அவள்தான் முதலிடம்.

ஆறாம் மாதம் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"நேரத்துல குறையில்லம்மா. ஆனா ஒரு வரிகூட உனக்குப் புரியலன்னு பட்டை சொல்லுது. உனக்குக் கணக்கு வராது. வேற துறைக்கு மாத்தியாச்சு."

"பரீட்சையில நான்தானே சார் முதல்?"

"அதான் கேக்கேன், யாரைப் பாத்து எழுதுன?"

உண்மையைச் சொன்னால் கல்லூரியை விட்டே துரத்துவார்கள். மாற்றல் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏட்டி, இன்னைக்கு அரை மணி கூடவே பாத்திருக்கேன். போதுமா?"

"போதும்மா. ஒனக்குக் கணக்கு வராதாம். சொல்லிட்டானுவ."

"எனக்கு எவம்ட்டி சொல்லிக்குடுத்தான், வர்றதுக்கு?" என்றாள் அம்மா.