பத்து நாள் அளவு

ஜாக் ஹேமரை ஐந்தே நிமிடம் பிடித்ததற்கு என் கை தோள்பட்டை வரை வலித்தது. எசக்கிமுத்து அண்ணன் பதினாறு வருடமாக அதைப் பிடித்துப் பாறையில் குழி போடுகிறார். என் அப்பா பரமனோடு இதே குவாரியில் கல் உடைத்தவர். அதிர்வு பற்றிய என் எம்.டெக். ஆய்வுக்குப் ஹேமர் பிடிக்கும் கையில் பத்து நாள் அளவு எடுக்க வேண்டும் என்றதும், "பரமன் மவன் படிப்புக்குல்லா கேக்கான், ஒட்டுடே" என்று மணிக்கட்டை நீட்டினார். அதிர்வை அளக்கும் சென்சாரை ஒட்டினேன். மூன்றாம் நாளே கணக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கை தாங்கக்கூடிய அதிர்வைப்போல நான்கு மடங்கு. அன்று வேலை முடிந்து சட்டையை மாட்டியவரால் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. "வீட்டுல உங்க மைனி போட்டு விடுவா. இங்க நீதாம்டே" என்று சிரித்தார். போட்டுவிட்டேன். "ஒம் மிசினு என்ன சொல்லுது? கை தேறுமா?"

"பத்து நாளும் முடியட்டும், சொல்லுதேண்ணே."

சொன்னால் ஹேமரைக் கீழே வைத்துவிடுவாரோ என்று பயம். மீதி ஏழு நாளும் அவர் குழி போட்டார், நான் அளந்தேன். பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. 'தேறாதுண்ணே, விட்டுருங்க' என்ற ஒரு வார்த்தை அவருக்கு நான் தர வேண்டிய கடன். இன்னும் தரவில்லை.