மேட்டில் இரண்டு கோடுகள்

முதல் குத்து வாயில் விழுந்தது. ட்ரென்ட் தள்ளாடி, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் மேல் சாய்ந்தான். இரண்டாவது குத்தில் பனியில் மண்டியிட்டான். ரத்தம் சொட்டிய இடமெல்லாம் வெள்ளையில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன.

"என் தங்கச்சிய என்னடா பண்ண?" ரெய்னோ அவன் காலரைப் பிடித்துத் தூக்கினான்.

"அவளக் காணோம்னுதான மச்சான் உன்கிட்ட வந்திருக்கேன்! அடி, நல்லா அடி. ஆனா என் மூஞ்சியப் பாத்துட்டு அடி. இதெல்லாம் நீ போட்டதா?"

ரெய்னோவின் முஷ்டி பாதியில் நின்றது. ட்ரென்டின் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை மூன்று நகக் கீறல்கள் இறங்கியிருந்தன. காதோரம் ஒரு வெட்டு. ரத்தம் உறைந்து கருத்திருந்தது.

"ஐலாவா?"

"வேற யாரு? இரும்பு வாணலி. காபி ஆறிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னேன். மண்டையப் பொளந்துட்டா. கோட்டக்கூட எடுக்காம ரோட்டுல எறங்கி நடந்துட்டா. இங்கதான் வந்திருப்பான்னு நெனச்சேன்."

ரெய்னோ பிடியைத் தளர்த்தினான். ஐலாவின் கோபம் அவனுக்குத் தெரியும். பதினாலு வயதில் ஹாக்கி மட்டையால் அவனுடைய முன்பல்லைப் பெயர்த்தவள்.

ஆனால் போன ஜனவரியில் அவளுடைய மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்ததும் அவனுக்குத் தெரியும். வாசல் ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்றாள். இந்த ஊரில் எல்லோரும் விழுகிறார்கள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று கேட்காமல் விட்டது பத்து மாதமாக அவனுக்குள்ளேயே கிடந்து, இன்று கைக்கு வந்துவிட்டது.

"உள்ள வா. ரத்தத்தத் தொடச்சுக்க."

மேட்டின் உச்சியில் இருந்தது ரெய்னோவின் கொட்டகை. பள்ளத்தில் விழும் வண்டிகளை இழுத்து வந்து போடுவது அவன் தொழில். ட்ரென்ட் மூலையில் கிடந்த மணல் மூட்டைகள் மேல் உட்கார்ந்தான். பழந்துணியை வாயில் அழுத்திக்கொண்டு, மறு கையில் காபிக் கோப்பையைப் பிடித்தான்.

அடுப்பில் விறகு வெடித்தது.

"உன்கிட்ட நல்ல பிக்கப் வண்டி இருந்தா இந்நேரம் அவளப் பின்னாடியே போய்ப் பிடிச்சிருக்கலாம்," என்றான் ரெய்னோ. "ஊர்ல அத்தன பேரும் அக்டோபர்லயே தார்ப்பாய் போட்டு மூடுற வண்டிய, நீ ஒருத்தன்தான் பன்னெண்டு மாசமும் ஓட்டுற."

"வண்டி ஓட்டத்தான் மச்சான். போத்தி வெச்சு அழகு பாக்க இல்ல."

ஒன்பது வருடமாக அதே பதில். முதல் பனி விழும் அன்று, பின்புறம் எடையே இல்லாத அந்த வண்டி இந்த மேட்டில் பாம்பாக நெளிந்து பள்ளத்தில் இறங்கும். போன் வரும். ரெய்னோ போய்ச் சங்கிலி போட்டு இழுத்து வருவான். ஊரே சிரிக்கும்.

"கோட்டு இல்லாம இந்தக் குளிர்ல அரமணி தாங்க மாட்டா," ரெய்னோ எழுந்தான். "நான் கீழ ஏரி ரோட்டப் பாக்குறேன். நீ?"

"நான் அந்தப் பக்கம், பழைய சுரங்கக் குழி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்."

"அங்க ஏன்டா போகப்போறா?"

"கோவத்துல இருக்கா. எங்க வேணா போவா." ட்ரென்டின் குரல் உடைந்தது. "கெடச்சுடுவா இல்ல மச்சான்?"

ரெய்னோ அவன் தோளில் கை வைத்தான். அடித்ததற்கு வருத்தமாக இருந்தது.

ட்ரென்ட் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். ரெய்னோ தன் இழுவை வண்டியைக் கிளப்பி வாசல் வரை ஓட்டினான். மேட்டுச் சாலை கீழே விரிந்தது. பனி தள்ளும் வண்டி இன்னும் வரவில்லை. வருடத்தின் முதல் பனி, முழங்காலில் பாதி அளவுக்கு. அதில் ட்ரென்டின் கார் ஏறி வந்த தடம் மட்டும் தெரிந்தது.

இரண்டு கோடுகள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக. எங்கும் நெளியவில்லை. பள்ளத்துப் பக்கம் ஒரு விரற்கடைகூட ஒதுங்கவில்லை.

ரெய்னோ பிரேக்கை மிதித்தான். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். திறந்த கதவு வழியே மூலை தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்குப் பிறகு, கார் நெளியாமலிருக்க எடைக்காக அதன் டிக்கியில் ஏற்றி, ஏப்ரலில் இறக்கிப் போடும் மணல் மூட்டைகள். முப்பது கிலோ வீதம் இரண்டு. போன ஏப்ரலில் போட்ட இடத்திலேயே கிடந்தன. மேலே ட்ரென்ட் விட்டுப்போன ரத்தத் துணி.

ரெய்னோ இழுவை வண்டியைப் பின்னால் எடுத்தான். சிவப்புக் காரின் மூக்கில் இரும்பு பம்பர் மோதி, விளக்குகள் நொறுங்கின. இன்னொரு முறை இடித்து, அதைப் பக்கவாட்டில் கொட்டகைச் சுவரோடு நெருக்கினான்.

"பைத்தியமா உனக்கு? வழிய விடு மச்சான்! அவ செத்துடுவா!" ட்ரென்ட் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினான்.

ரெய்னோ கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒரே அடியில் கார்க் கண்ணாடி தூளானது. ஹாரன் நின்றது. அவன் கடப்பாரையைக் காரின் பின்புறத்தை நோக்கி நீட்டினான்.

"மூட்ட ரெண்டும் இங்க கெடக்கு மாப்ள. டிக்கியத் தொற."